எட்டடி அகலம், முப்பத்தாறு அடி நீளம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "என்னப்பா, கார் ஏறுற பாதை இம்புட்டுச் சொரசொரன்னு கெடக்கு? கொத்தனார் ஏமாத்திட்டாரா?" என்றான் தம்பி. "கோழி கீறிவிட்ட மாதிரி இருக்குப்பா" என்றாள் பாப்பா. போன் உங்கள் அம்மாவின் கையில் இருந்தது. அதனால் நான் டவர் சரியில்லை என்று சொல்லி நழுவிவிட்டேன். கான்கிரீட் போட்ட மறுநாளே கொத்தனாரும் இதைக் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதியே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பாப்பா திருத்திப் படித்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். பத்து நாள் லீவு போட்டு வந்து நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் போன பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் நன்றாகத்தான் நடக்கிறாள். ஆனால் நம் வாசலில் ஏழு படி. அந்த ஏழில் ஒன்றைக்கூட அவளால் தனியாக இறங்க முடியவில்லை. ஐந்து மாதம் அவள் தெருவில் கால் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பீரோவை இறக்குகிற மாதிரி இறக்குவோம். பீரோவாவது வாயைத் திறக்காது.

காலை ஒன்பது மணிக்குக் காய்கறி வண்டிக்காரர் வருவார். முன்பெல்லாம் அந்த நேரம் உங்கள் அம்மாவுக்குத் தேர்த்திருவிழா. இப்போது அவள் வராண்டாவில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்க, நான் கூடையோடு கீழே போவேன். கூடையைக் கொட்டும்போது விசாரணை நடக்கும்.

"வெண்டைக்காய ஒடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒடிஞ்சுச்சா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு வாங்குனீங்க?"

முப்பது வருசம் டிப்போவில் பஸ் டயர் மாற்றியவன் நான். ஒடியாததுதான் நல்ல சாமான் என்று பழகிவிட்டது. ஒருநாள் அவள் என்னைத் திட்டவில்லை. "ஒரு தக்காளிய நானே அமுக்கிப் பாத்து வாங்கி அஞ்சு மாசமாச்சு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சரி, ஏழு படி எப்படி வந்தது? அதற்கும் பொறுப்பு உங்கள் அப்பாதான். விளாங்குடியில் நாம் மனை வாங்கியபோது இந்தத் தெரு மண் ரோடு. எதிர்வீட்டு அண்ணன் அஸ்திவாரத்தை மூன்றடி உயர்த்தினார். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயரும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று எல்லோரையும் போல எனக்கும் பயம். அந்தப் பயத்துக்கு மூன்றடி போதும். ஆனால் எதிர்வீட்டை விட ஓரடியாவது கூட இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு இன்ஜினியர் சொன்னான். நாலடியாகக் கட்டினேன். அடுத்து வந்தவர் நாலரை. இப்படியே போய், தெருக்கோடியில் கடைசியாகக் கட்டியவர் வீட்டில் ஏறினால் திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியும் போலிருக்கிறது. தெருவும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை தார் போட்டு அரையடி ஏறிவிட்டது. ஆக மிச்சம் மூன்றரை அடி. அரையடிக்கு ஒரு படி என்றால் ஏழு. அத்தனை வருசம் அந்தப் படியில் நின்று எதிர்வீட்டைக் குனிந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். கடைசியில் அதே படிக்கு மேல் உங்கள் அம்மா இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வான கான்கிரீட் பாதை போடுவது என்று முடிவு செய்தேன். அம்மா தானே நடந்து இறங்குவதற்காகத்தான் அந்த முடிவு. அது மூன்று நாள் அப்படியே இருந்தது. நாலாம் நாள் தம்பி போன் செய்து, "அப்பா, கார் புக் பண்ணிட்டேன், பொங்கலுக்கு அதுலதான் வாரேன்" என்றான். அந்த நிமிடமே பாதை காருக்கு ஆகிவிட்டது. யாரும் சொல்லி மாற்றவில்லை. நானேதான் மாற்றினேன். கவனிக்கக்கூட இல்லை.

கொத்தனார் வந்தார். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை ஒரு முனை கேட்டிலும் மறுமுனை வராண்டாவிலும் பிடித்து மட்டம் பார்த்தார். டாக்டர் ஸ்கேன் பார்க்கிற முகம்.

"மூணரை அடி ஏறணும்ணே. கேட்டுலருந்து வீட்டுச் சுவரு வரைக்கும் பதினாலடி. நாலடிக்கு ஓரடி ஏத்தம். கார் மேல ஏறி, வீட்டுக்குப் பக்கத்துச் சந்துல மட்டமா நின்னுக்கிரும். ஏறுறதுக்குக் கவலையில்ல. எறங்குறப்போ பாத்து எறக்கணும்."

"நடக்குறதுக்கு?"

"அதுல எதுக்குண்ணே நடக்குறாங்க? அதான் படி இருக்குல்ல?"

நான் தலையாட்டினேன். பக்கத்தில் சேரில் உங்கள் அம்மா இருந்தாள். அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

"எதிர்வீட்டுல போட்டத விட வழவழன்னு இருக்கணும்" என்று மட்டும் அழுத்தமாகச் சொன்னேன். ஏத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவன் பளபளப்பைப் பற்றிக் கேட்டேன். கொத்தனாருக்கு அன்றைக்கே என்னை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஏத்தத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது. கேட்டுக்கு வெளியே, சாக்கடைக்கு மேல், தெருவுக்குள் நாலடி நீட்டிக்கொள்வது. நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். போன வருசம் சாக்கடை தூர்வார மிஷின் வந்து எல்லார் வீட்டு நாக்கையும் ஒரே காலையில் வெட்டிவிட்டுப் போனது. எதிர்வீட்டு அண்ணன் இப்போதும் உடைந்த சிமெண்ட்டின் மேல் ஒரு பலகையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு காரை ஏற்றுகிறார். அதனால் நாம் வெளியே நீட்டுவதில்லை என்று தீர்மானித்தேன். இந்தக் கதையில் நான் எடுத்த ஒரே சரியான தீர்மானம் அது. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அகலம். வீட்டுக்கும் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் சந்து ஒன்பதடி. ஒன்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அலங்காநல்லூரில் இருந்து உங்கள் பெரிய மாமா வந்து இறங்கினார். டூவீலரின் பெட்டிக்குள் மஞ்சள் பைக்குப் பதிலாகத் தினசரி காலண்டரின் அட்டை. அதன் பின்பக்கத்தில் மனையடிப் பலன் அச்சடித்திருப்பார்களே, அதற்காகவே போன வருச அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"மாப்ள, ஒம்போதா? ஆகவே ஆகாது. எட்டுன்னா அமோகம்."

"மச்சான், அது வீட்டு ரூமுக்குப் பாக்குறது. இது கார் போற பாதை."

"காரு யாரு வீட்டுக்கு வருது? உங்க வீட்டுக்குத்தான?"

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

"சரி மச்சான், மிச்ச ஓரடிய என்ன பண்றது? பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுக்கவா?"

"ஓரமா முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு கட்டிச் செடி வையுங்க மாப்ள. ஒம்போது எட்டாயிரும்ல?"

ஒன்பதை எட்டாக்குகிற கணக்கை என் கணக்கு வாத்தியார்கூடச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மனசு எட்டுக்குத் தாவிவிட்டது. நம்பிக்கை இல்லை என்று வாய் சொல்லும். ஆகாது என்று ஒருவர் சொன்னபின் ஒன்பதில் காலை வைக்கக் கால் வராது. நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது.

மறுநாள் சோதனை. கட்டு வரப்போகிற இடத்தில் நாலு குச்சியை நட்டு, முழங்கால் உயரத்தில் கயிறு கட்டினேன். அந்தக் கயிற்றுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி. தம்பியின் கார் இன்னும் வராததால் எதிர்வீட்டு அண்ணனிடம் அவர் காரைக் கேட்டேன். அவரும் சந்தோசமாக ஓட்டி வந்து, கயிற்றில் படாமல் நடுவில் நிறுத்தினார். கொத்தனார் கைதட்டினார். உங்கள் மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எல்லாம் முடிந்தது.

அண்ணன்தான் இறங்கவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது, கயிற்றில் முட்டி நின்றது. அண்ணனின் வயிற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கக் கதவைத் திறந்து பார்த்தார். அங்கே சுவர். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, "தம்பி, மனையடி அமோகம்தான். நான் எப்படி வீட்டுக்குப் போக?" என்றார்.

"கயித்தத் தாண்டி வாங்கண்ணே" என்றார் மாமா.

"நாளைக்கு அது செங்கக் கட்டுல? அப்பவும் தாண்டவா?"

காரை வந்த வழியே பின்னால் எடுத்துக்கொண்டு போனார். வராண்டாவில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, இந்தப் பாதையை யாருக்காக ஆரம்பித்தோம் என்று. உடனே பெரிய மனது பண்ணி, "நீயும் ஒருக்கா நடந்து பாரேன்" என்றேன். கொத்தனார் சென்ட்ரிங் பலகைகளை வராண்டா ஓரத்தில் இருந்து கேட்டு வரைக்கும் சாய்த்து, நடுவில் செங்கல் அண்டை கொடுத்தார். போடப்போகிற அதே ஏத்தம். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"கரும்பு லாரியில கட்டு ஏத்துற பலகையால்ல இருக்கு" என்றாள். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தாள். ஒரு எட்டு. இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் அவள் விரல்கள் என் தோள் எலும்பில் இறங்கின. முழங்கால் வெடவெடவென்று ஆடுவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. நானும் மாமாவும் பிடித்து, பக்கத்துப் படியில் உட்கார வைத்தோம். கொத்தனார் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை.

"காருக்கு எத்தன அடி, காரு கதவுக்கு எத்தன அடி, காலண்டருக்கு எத்தன அடின்னு பத்து நாளா அளக்குறீங்க. எனக்கு எத்தன அடி வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

மாமா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். நான் ஏற்கெனவே சுருட்டிய டியூபை மறுபடி சுருட்டினேன். கொத்தனார் மட்டும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். நல்ல மனுசன்.

"எத்தன அடி வேணும்க்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெதுவா ஏறணும். கைக்குப் பிடிக்க ஏதாச்சும் இருக்கணும்." வீட்டோரச் சந்துப் பக்கம் கையை நீட்டினாள். "அந்தச் சந்து அடுப்படிக் கதவு வரைக்கும் போகுதுல்ல? இங்கனயே முட்டி முட்டி எதுக்கு ஏத்துறீங்க? அங்கிட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போங்க. நான் அடுப்படிக் கதவு வழியா வாரேன்."

கொத்தனார் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். முன்னால் பதினாலு, சந்துக்குள் இருபத்திரண்டு. ஆக முப்பத்தாறு அடி. மூன்றரை அடி ஏறுவதற்கு முப்பத்தாறு. "பத்தடிக்கு ஓரடிகூட முழுசா வராதுண்ணே! குழந்தை தவழ்ந்து போகும்!" என்று அங்கிருந்தே கத்தினார். பத்து நாளாக அந்தச் சந்து அங்கேயேதான் கிடந்தது. உடைந்த சைக்கிளையும் பழைய தண்ணீர்த் தொட்டியையும் தவிர அதில் வேறு எதுவும் எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிடிக்கக் கம்பி வேண்டும் அல்லவா? அந்தப் பக்கம் நம் ஜன்னல் கதவுகள் வெளியே திறக்கும். அதனால் கம்பியை வீட்டுச் சுவரில் இருந்து ஓரடி தள்ளித்தான் நட முடியும் என்றார் கொத்தனார். ஒன்பதில் ஓரடி போனால் எத்தனை? உங்கள் மாமா எழுந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, எட்டுதான் அமையும்னு!" காலண்டர் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உங்கள் அம்மாவின் முழங்கால் ஆடியதும் மனையடியின் மகிமைதான் என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்.

ஆக, தம்பி, உன் காருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொள். சாய்வில்தான் நிறுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் வைத்துக்கொள். செங்கல் எடுத்து வைத்திருக்கிறேன். கதவு ஒரு சாண்தான் திறக்கும். அதனால் எல்லோரையும் கேட்டிலேயே இறக்கிவிட்டு, நீ மட்டும் ஒல்லியாக இறங்கி வா. ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்தால் முடியும். அம்மா நடக்கிற நேரத்தில் கார் தெருவில் நிற்கும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

கான்கிரீட் போட்ட அன்று காலையில் கலவை மிஷின் வந்தது. மத்தியானத்துக்குள் கொட்டி முடித்தார்கள். அதன் பிறகு கொத்தனார் கரண்டியைக் கையில் எடுத்தார். சிமெண்ட்டைத் தூவி, தேய்த்து, மறுபடி தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். "முகம் பாத்துப் பவுடர் போடலாம்ணே" என்றார். எதிர்வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். இருபது வருசமாக நான் ஏங்கிய மௌனம் அது.

உங்கள் அம்மா அடுப்படிக் கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ரொம்ப வழவழன்னு இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதாங்க்கா வேலைங்கிறது!" என்றார் கொத்தனார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் எதிர்வீட்டு அண்ணனின் மௌனம் அப்படியே இருந்திருக்கும். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பி நட்டு, தண்ணீர் கட்டிக் காய்ந்த பிறகு அவள் தனியாக இறங்கிப் போனதையும், வண்டியில் இருந்த வெண்டைக்காயில் பாதியை ஒடித்துப் போட்டு வண்டிக்காரரை அழவிட்டதையும் அவளே உங்களிடம் பத்து முறை சொல்லியிருப்பாள். அன்றைக்குத் தூறல் விழுந்தது என்பதையும் சொன்னாளா? தெரியவில்லை. நான் சொல்ல வந்தது, கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலம் நடந்ததை.

நாலு மணிக்கு எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாமாவும் போய்விட்டார். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் சந்தில் நின்று, இன்னும் இறுகாத அந்தச் சிமெண்ட்டில் வானம் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து, கோடே இல்லை. டிப்போவில் இப்படி ஒரு டயரைப் பார்த்திருந்தால் வண்டியை வெளியே விட்டிருக்க மாட்டேன்.

புது விளக்குமாற்றை எடுத்து ஒட்டடைக் கம்பின் நுனியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வீட்டுச் சுவரோரம் கம்பிக்காக மண் நிரப்பி விட்டிருந்த அந்த ஓரடியில் நின்றுகொண்டு, அடுப்படிக் கதவில் இருந்து ஆரம்பித்தேன். அந்தப் பக்கச் சுவர் வரை நீட்டி வைத்து, என் பக்கமாக இழுத்தேன். புது டயரில் இருக்கிற மாதிரி ஒரு கோட்டுக்கூட்டம் விழுந்தது. ஒரு எட்டு நகர்ந்து மறுபடி இழுத்தேன். முப்பத்தாறு அடியையும் அப்படியே கீறிக்கொண்டு கேட்டு வரை வந்தேன். பிறகு தெருக்குழாயில் விளக்குமாற்றைச் சிமெண்ட் போகக் கழுவி, அவள் கண்ணில் படாத இடத்தில் காய வைத்தேன்.